மதிய லோடு

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் முதுகில் இருந்த ஒரு கொழுப்புக்கட்டியை எடுக்க, நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கே போயிருந்தேன். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் பெண் என்னை உள்ளே அழைத்துப்போய், கருவிகளை நீராவியில் வேகவைக்கும் புதிய ஆட்டோகிளேவைக் காட்டினாள். காலையில் சோதனை முடிந்ததும் அதன் கோடுகளும் முடிவும் தானாகவே கம்ப்யூட்டருக்குப் போய்விடுகின்றன. பாஸ் என்றால் பச்சை, ஃபெயில் என்றால் சிவப்பு. பயிற்சிக்கு வந்திருந்த பெண்களில் ஒருத்தி, "உங்க டைம்ல இதெல்லாம் இல்லாம எப்படி மேடம் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டாள். "பேப்பர் வெச்சிப் பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பாதி பதில்கூட இல்லை. மீதியைப் பேசிச் சொல்ல எனக்கு வராது என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் ஒரே கட்டிடத்தில், பெரும்பாலும் ஒரே அறையில் வேலை செய்தேன். பலகையில் கிருமி நீக்கப் பிரிவு என்று எழுதியிருக்கும். எல்லோரும் சொல்வது ஆட்டோகிளேவ் ரூம். அறுவை சிகிச்சைக்கு வேண்டிய கத்தரி, இடுக்கி, குழாய், கவுன், விரிப்பு எல்லாம் இங்கேதான் கழுவி, துணியில் கட்டி, நீராவியில் வெந்து, பிறகு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். என் அப்பாவுக்கு இரண்டு தறி இருந்தது. நான் அதில் உட்காராமல் பன்னிரண்டாவது முடித்ததும் உதவியாளராகச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழுவினேன். இரண்டு வருடம் மடித்தேன். பிறகு சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. திரும்பி வந்தபோது மெஷினை ஓட்டும் டெக்னீஷியன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எங்கள் அறைக்கும் தியேட்டருக்கும் சேர்த்துப் பொறுப்பு பிலோமினா சிஸ்டர். உயரம் குறைவு, குரலும் குறைவு. அறைக்குள் வந்தால் முதல் ஐந்து நிமிடம் பேசவே மாட்டார். கட்டும் துணிகளை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேராக விரித்துப் பிடித்து, ஊசித்துளை அளவுக்கு வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார். வெந்து ஆறிய கட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும் என்பார். நாங்கள் எதையாவது உறுதியாகச் சொன்னால் அவருடைய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பார்த்தியா, பார்த்த மாதிரி இருந்துச்சா?"

ஓர் ஆபரேஷனுக்கு வேண்டிய சாமான்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு செட். ஒருமுறை இருபது செட்களிலும் சாமான் எண்ணிக்கை சரி என்று சொன்னேன். அவர் அதே கேள்வியைக் கேட்டார். நான் ஒரு நொடி தயங்கினேன். இருபதையும் பிரித்து, எண்ணி, மறுபடி கட்டச் சொன்னார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. "இப்போ பார்த்த" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பெரிய டாக்டர் சொன்னாலும், தரை துடைக்கிறவர் சொன்னாலும், வேலையைப் பற்றியது என்றால் அதில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டைப் பற்றி நாங்கள் பின்னால் பேசிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது சோதனை பற்றி. நீராவி துணிக்கட்டின் நடுவரைக்கும் போனால்தான் அங்கே இருக்கும் கிருமி சாகும். அது போக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் காற்று முதலில் வெளியே வரவேண்டும். கொஞ்சம் காற்று தங்கினாலும் அது நீராவிக்கு வழி விடாது. வெளிப்பக்கம் நூற்று முப்பத்துநாலு டிகிரியில் வெந்திருக்கும், நடுவில் வெந்திருக்காது. கட்டை வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்காக மெஷின் நீராவியை விடுவதற்கு முன் ஒரு பம்ப் மூன்று முறை காற்றை உறிஞ்சி எடுக்கும். உறிஞ்சியது போதுமா என்று பார்ப்பதுதான் காலைச் சோதனை.

ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு, முதலில் மெஷினைக் காலியாக ஒரு தடவை ஓட்டிச் சூடேற்ற வேண்டும். அடுத்த ஓட்டத்தில் சோதனைக் கட்டை மட்டும் வைக்க வேண்டும். அந்தக் கட்டின் நடுவில் கோலம் போட்ட மாதிரி வரிகள் அச்சடித்த ஒரு தாள் இருக்கும். வெந்து வந்த பிறகு எல்லா வரியும் ஒரே கறுப்பாக மாறியிருந்தால் சரி. நடுவில் வெளிறியிருந்தால் அங்கே காற்று நின்றிருக்கிறது என்று அர்த்தம். நான் அதைப் பார்த்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு ஃபைலில் வைப்பேன். பதினேழு வருடம் அப்படி வைத்திருக்கிறேன். என் தாள்கள் பெரும்பாலும் நன்றாகக் கறுத்திருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அந்தப் பதினேழாவது வருடம் சித்திரையில், பதினைந்து நாளுக்குள் மூன்று பேருக்கு அறுவைக் காயம் சீழ் பிடித்தது. மூன்று பேரும் வேறு வேறு சர்ஜன் பார்த்தவர்கள். மூன்று பேருக்கும் காலை முதல் லிஸ்டில் ஆபரேஷன். இருவருக்கு மருந்திலேயே சரியானது. மூன்றாமவர் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் ஏகாம்பரம். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். குடலிறக்கத்துக்கு வயிற்றுக்குள் வலை வைத்துத் தைத்திருந்தார்கள். அந்த வலையைச் சுற்றியே சீழ். மறுபடி திறந்து வலையை எடுத்தார்கள். குழித்தறியில் கால் மிதித்து நெய்கிறவருக்கு வயிற்றுத் தசைதான் எல்லாம். எப்போது திரும்பத் தறியில் உட்காரலாம் என்று அவர் கேட்டதற்கு யாரும் நாள் சொல்லவில்லை.

சிஸ்டர் பதிவேட்டைப் புரட்டி, மூன்று பேருக்கும் போன செட்கள் எந்த ஓட்டத்தில் வெந்தவை என்று பார்த்தார். மூன்றும் முந்தின நாள் மதிய லோடு. இரண்டு மணிக்கு மேல் வெந்து, மறுநாள் காலைக்குப் போனவை.

மதிய ஷிஃப்டில் இருந்தவள் தேவகி. மாகறலில் இருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆறு வருடமாக எங்களுடன் இருந்தாள். கை வேகமானவள். என்னை அக்கா என்பாள். என் டிபன் பாக்ஸைத் திறந்து கேட்காமலேயே எடுத்துச் சாப்பிடும் அளவுக்குப் பழக்கம்.

விசாரணை பெரிய டாக்டர் அறையில் நடந்தது. பெரிய டாக்டர், நிர்வாகி, சிஸ்டர், தேவகி, நான். என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். மெஷின் சரியாக இருக்கிறதா? இருக்கிறது, இரண்டு மாதத்துத் தாள்களும் இதோ என்று ஃபைலை வைத்தேன். மதிய லோடில் எதையாவது கவனித்தாயா? நான் கவனித்திருந்தேன். இரண்டு மூன்று தடவை, மறுநாள் காலையில் நான் தொட்டபோதும் மதியக் கட்டுகள் ஈரமாக இருந்தன. முழுதாகக் காய்வதற்கு முன்னால் கதவைத் திறந்து எடுத்தால் அப்படித்தான் இருக்கும். அதைச் சொன்னேன்.

தேவகி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "முடிஞ்ச மணி அடிச்ச அப்புறம்தான்க்கா எடுத்தேன். நீங்களே சொல்லிக் குடுத்ததுதானே?"

"மணி அடிச்ச பிறகு எடுத்தா ஈரம் எப்படி வரும்?" என்று நிர்வாகி கேட்டார்.

"அது எனக்கு இன்னா சார் தெரியும்? மதியத்துல அந்த பம்ப்பு கல்லு அரைக்கிற மாதிரி கரகரன்னு சத்தம் போட்டுக்கினு இருக்குது. காலையில அப்படி இல்ல. ஒருநாள் மதியம் வந்து நின்னு கேட்டுப் பாருங்க."

வேலையில் தவறு செய்தவர்கள் மெஷினைக் குறை சொல்வது எங்களுக்குப் பழகிய விஷயம். சிஸ்டர் மட்டும் நோட்டில் எதையோ எழுதினார்.

நான் சொன்னதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். "மதிய ஷிஃப்டில் கட்டுகள் காய்வதற்கு முன் எடுக்கப்பட்டன" என்று எழுதினேன். ஈரத்தை நான் பார்த்தேன். முன்னால் எடுத்ததை நான் பார்க்கவில்லை. எழுதும்போது அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. தோன்றியது. வாக்கியத்தை மாற்றாமல் கையெழுத்துப் போட்டேன். மெஷின் என் பொறுப்பு, அது சரியாக இருக்கிறது, வேறு யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அந்த வாரமே தேவகியை நிறுத்திவிட்டார்கள். சிஸ்டர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

தயாரித்த கம்பெனியைச் சேராத வேறொருவர் வந்து மெஷினை முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று சிஸ்டர் எழுதிக் கேட்டிருந்தார். ஒரு வாரம் கழித்து வாலாஜாவில் இருந்து நர்கீஸ் என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கறுப்புப் பெட்டி ஒன்றும் லேப்டாப்பும் கொண்டுவந்தாள். பெட்டியைத் திறந்தால் கடற்பஞ்சு மாதிரியான மெத்தையில் கட்டைவிரல் அளவு எஃகுக் குப்பிகள் ஏழு இருந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் மெல்லிய கம்பி. அதுதான் சென்சார். மெஷினுக்குள்ளேயே வெந்துகொண்டு, ஒவ்வொரு நொடியும் அங்கே என்ன சூடு என்று குறித்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று மட்டும் அழுத்தத்தையும் குறிக்கும்.

அவள் வேலை செய்த விதத்தை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில் வாட்சில் இருக்கும் நேரத்தையும் மெஷின் நேரத்தையும் லேப்டாப் நேரத்தையும் ஒன்றாக்கினாள். கஞ்சி போடாமல் துவைத்த பருத்தி விரிப்புகளைக் கேட்டாள். ஒவ்வொன்றாக மடித்து அடுக்கி, ஏழு கிலோ எடை வரும்வரை தராசில் வைத்தாள். மடிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால்கூடப் பிரித்து மறுபடி மடித்தாள். சரிபாதியில் ஒரு சென்சாரை வைத்துக் கட்டினாள். ஒன்றை மெஷினுக்குள் மேலே தொங்கவிட்டாள். ஒன்றைக் கீழே தண்ணீர் வடியும் வாயருகே வைத்தாள். மற்றவற்றை மூலைகளில். கதவை மூடியதும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மெஷினின் முள்ளை ஒரு தடவைகூடப் பார்க்காமல் டீ குடித்தாள்.

"முள்ளைப் பார்க்கலியா?" என்று கேட்டேன்.

"அது மெஷினு தன்னைப் பத்தி சொல்றதுக்கா. நான் உள்ள இருக்கறவங்ககிட்ட கேட்டுக்கறேன்" என்றாள்.

வெந்து முடிந்து ஆறியதும் குப்பிகளை எடுத்து ஒரு சின்னத் தட்டில் நிறுத்தினாள். லேப்டாப்பில் கோடுகள் வரத் தொடங்கின. பம்ப் உறிஞ்சும்போது அழுத்தக் கோடு மூன்று முறை கீழே இறங்கி ஏறியது. பிறகு எல்லாச் சூட்டுக் கோடுகளும் ஒன்றாக மேலே போய், ஒன்றின் மேல் ஒன்று படிந்து நேராக நின்றன. கூடவே புள்ளிகளால் ஆன ஒரு கோடு. அது என்ன என்று கேட்டேன். சுத்தமான நீராவி ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு குறிப்பிட்ட சூட்டில்தான் இருக்கும், அதைக் கணக்குப் போட்டு சாஃப்ட்வேரே வரைகிறது என்றாள். உண்மையான சூடு அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தால் அங்கே நீராவியோடு வேறு ஏதோ கலந்திருக்கிறது. பெரும்பாலும் காற்று.

அன்று காலை எதுவும் விழவில்லை. மூன்று தடவை ஓட்டினாள். மூன்றும் பாஸ். கட்டின் நடுவில் இருந்த சென்சார், வெளியே இருந்ததோடு சில நொடிகளுக்குள் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு அவள் பெட்டியை மூடத் தொடங்கினாள். "நல்ல மெஷினு அக்கா. பழசா இருந்தாலும் நல்லா வெச்சிருக்கீங்க" என்றாள். சிஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியாது.

சிஸ்டர் நோட்டைப் பிரித்தார். "நீங்க சாப்பிட்டுட்டு, மதியம் ரெண்டரைக்கு ஒரு தடவை ஓட்ட முடியுமா?"

"அதே மெஷின்தானே சிஸ்டர்? மூணு தடவை பார்த்தாச்சே."

"பார்த்தது எல்லாம் காலையில. சீழ் பிடிச்ச மூணு செட்டும் மதியம் வெந்தது. அந்த நேரத்துல பம்ப் சத்தம் மாறுதுன்னு இங்க வேலை பார்த்த பொண்ணு ஒருத்தி சொல்லியிருக்கா."

நர்கீஸ் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பெட்டியை மறுபடி திறந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டரை மணிக்குக் கதவை மூடினோம். பம்ப் ஓடத் தொடங்கி அரை நிமிடத்தில் அந்தச் சத்தம் வந்தது. தகரத்தில் ஜல்லியைக் கொட்டிக் குலுக்குகிற மாதிரி. என் ஷிஃப்ட் இரண்டு மணியோடு முடிந்துவிடும். அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. நர்கீஸ் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பம்ப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

வெந்து முடிந்ததும் குப்பிகளை எடுத்துத் தட்டில் நிறுத்தினாள். லேப்டாப்பில் கோடுகள் வந்தன. காலையில் ஐம்பது மில்லிபார்வரை இறங்கிய அழுத்தக் கோடு இப்போது நூற்றெண்பதுக்குக் கீழே இறங்காமல் திரும்பியது. மூன்று முறையும் அப்படியே. இந்தப் பழைய மெஷின் அழுத்தத்தைப் பார்த்து அடுத்த கட்டத்துக்குப் போவதில்லை. நேரத்தைப் பார்த்துப் போகும். இத்தனை நிமிடம் உறிஞ்சினாய், போதும், அடுத்தது. அதனால் அது எந்தத் தவறையும் காட்டாமல் நீராவியை விட்டது. வெளிச் சென்சார்கள் நூற்று முப்பத்துநாலுக்குப் போய் நின்றன. நடுவில் இருந்தது மட்டும் தனியாகக் கீழே பின்தங்கி, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்தொன்று. அது நூற்று இருபத்தாறைத் தொட்டபோது வேகும் நேரமே முடிந்துவிட்டது. கட்டை எடுத்துப் பார்த்தால் ஈரம். காயவைப்பதும் அதே பம்ப்தான். உறிஞ்ச முடியாத பம்ப்பால் காயவைக்கவும் முடியாது.

மணி அடித்த பிறகுதான் எடுத்திருந்தோம். எடுத்தவள் நான்.

"அக்கா, இந்த பம்ப்புக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்று நர்கீஸ் கேட்டாள்.

மாடியில் இருந்து. தை மாதத்தில் பழைய சிமெண்ட் தொட்டி வெடித்ததால், பராமரிப்புக்காரர்கள் மொட்டைமாடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டாங்க் வைத்து லைனை மாற்றியிருந்தார்கள். நாங்கள் மூவரும் மாடிக்குப் போனோம். தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. டாங்க்கின் மேல் நிழல் எதுவும் இல்லை. நர்கீஸ் மூடியைத் திறந்து ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டி இறக்கினாள். நாற்பத்தைந்து டிகிரி. காலை ஏழு மணிக்கு அது இருபத்தெட்டாக இருக்கும். இந்த வகைப் பம்ப் தண்ணீரைச் சுழற்றித்தான் காற்றை உறிஞ்சும், தண்ணீர் சூடானால் அதுவே ஆவியாகத் தொடங்கும், பிறகு காற்றை இழுக்காது, கரகரவென்று சத்தம்தான் போடும் என்று அங்கேயே நின்று விளக்கினாள்.

தையில் மாற்றினார்கள். மாசியும் பங்குனியும் தாங்கியது. சித்திரையில் வெயில் ஏறியது. நான் தினமும் காலை ஏழு மணிக்குச் சோதித்து, சரி என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் உண்மை. காலை ஏழு மணிக்கு அந்த மெஷின் சரியாகத்தான் இருந்தது.

படி இறங்கும்போது சிஸ்டர் என்னிடம், "மதிய ஷிஃப்ட்ல முன்னாடியே எடுத்தாங்கன்னு எழுதிக் குடுத்தியே" என்றார். அவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.

அன்றே மதிய லோடை நிறுத்தினோம். அலமாரியில் மதியம் வெந்ததாகக் குறித்திருந்த எல்லாச் செட்களையும் பிரித்து மறுபடி வேகவைக்க நான்கு நாள் ஆனது. பம்ப்புக்கு நிலத்தடித் தொட்டியில் இருந்து தனி லைன் போட்டார்கள். நர்கீஸ் மறுபடி வந்து மூன்று நாள், காலையும் மதியமும், சோதித்தாள். எல்லாக் கோடுகளும் சேர்ந்து நின்றன. அந்த வருடக் கடைசியிலேயே சிஸ்டர் நிர்வாகத்தை விடாமல் கேட்டு, தினசரி சோதனைக்கு ஒரு எலக்ட்ரானிக் கருவியும் சாஃப்ட்வேரும் வாங்க வைத்தார். அதைக் காலையில் ஒரு தடவை, கோடையில் மதியமும் ஒரு தடவை வைப்பது என்று எழுதி ஒட்டினார். இரண்டாவது வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு இருந்தது.

தேவகி விஷயத்தில் நிர்வாகி தயங்கினார். அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம், ஆனால் காகிதத்தில் எதுவும் வேண்டாம், மெஷின் கோளாறு என்று எழுதினால் நாளைக்கு யார் கையில் போய்ச் சேருமோ என்றார். "எழுதிக் குடுத்துத்தானே அனுப்பினோம். கூப்பிடறதும் எழுதித்தான் கூப்பிடணும்" என்றார் சிஸ்டர். தன் அறிக்கையில் காலைக் கோட்டையும் மதியக் கோட்டையும் ஒரே பக்கத்தில் அச்சடித்து இணைத்தார். என் வாக்குமூலத்தை நான் மாற்றி எழுதித் தந்தேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது என் பணிப் பதிவேட்டில் கடைசிவரை இருந்தது. மூன்று நோயாளிகளிடமும் பெரிய டாக்டரே நேரில் பேசினார். மெஷினில் ஒரு குறை இருந்தது, சரிசெய்துவிட்டோம் என்று சொன்னார்.

ஏகாம்பரம் ஏழு மாதம் கழித்துத் தறியில் உட்கார்ந்தார். முன்போல் முழுநாள் நெய்ய முடியவில்லை, மதியத்துக்கு மேல் மகள் நெய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். தேவகி திரும்பி வந்து, நான் ஓய்வு பெறும்வரை என்னுடன் வேலை பார்த்தாள். அக்கா என்று அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மேடம் என்றாள். வேலை விஷயம் மட்டும் பேசினாள், அதைக் குறைவில்லாமல் பேசினாள். நான் அதை மாற்ற முயலவில்லை.

அவள் திரும்பி வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தேவகியைத் திரும்பக் கூப்பிடும் கடிதத்தை நானே கொண்டுபோய்த் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு மாகறலுக்குப் போனேன். தேவகி கடிதத்தை நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். நான் எழுதியது தப்பு, பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

பிறகு, "கடசி நாளு ஆஸ்பத்திரி கேட்டாண்ட அந்தம்மா என்னப் புடிச்சிக்கினாங்க. வலை வெச்ச பேஷண்ட்டு வீட்டுக்காரம்மா. என் பேரு சொல்லிக் கூப்ட்டாங்க. யாரோ வார்டுல சொல்லியிருக்காங்க. எல்லாரும் பார்த்துக்கினு இருக்காங்க. இன்னா பதில் சொல்றது? தல குனிஞ்சிக்கினு பஸ் ஏறிட்டேன்" என்றாள்.

"டாக்டர் அவங்ககிட்ட மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டாரு."

"நான் இல்லன்னு சொன்னாரா?"

அது எனக்குத் தெரியவில்லை.

"அந்த வூட்டுக்குப் போய் சொல்லணும். நான் கூட இருக்கும்போது சொல்லணும். அப்புறம் வரேன் வேலைக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பிள்ளையார்பாளையம் போனோம். ஏகாம்பரம் வீட்டில் தறிமேல் துணி போர்த்தியிருந்தது. அவர் பக்கத்தில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தேவகியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. ஏகாம்பரம்தான் சொன்னார்.

நான் நடந்ததை முதலில் இருந்து சொன்னேன். டாங்க், பம்ப், சூடான தண்ணீர், கட்டின் நடுவே நின்ற காற்று. ஏகாம்பரம் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துணிக்கு நடுவுல சூடு ஏறலன்னு எப்படிம்மா தெரிஞ்சிது? பிரிச்சா ஆறிடுமே?" சென்சாரைப் பற்றிச் சொன்னேன். மூடியிருக்கும்போதே உள்ளிருந்து ஒவ்வொரு நொடியும் குறித்துக்கொள்ளும் என்றேன். புரிந்தது என்று தலையை ஆட்டினார். பிறகு தேவகியைப் பார்த்து, "உக்காரும்மா" என்றார். அவள் உட்கார்ந்தாள்.

அவர் மனைவி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "காமாட்சி கோயில்ல போய் உன் பேரைச் சொல்லித்தான்மா வேண்டிக்கினேன்" என்றார் தேவகியிடம். "நல்லதுக்கு இல்ல. மூணு வெள்ளிக்கிழம." தேவகி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "பரவால்லக்கா. உங்களுக்கு யாரு என்ன சொன்னாங்களோ அத நம்புனீங்க" என்றாள்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"மெஷினு சரியா இருக்குதான்னு தெனம் பார்க்கறதுக்கு ஆஸ்பத்திரில ஆளு இருப்பாங்க இல்ல?"

"இருப்பாங்க. நான்தான்."

"மெஷினு சரியா இருக்குதுன்னு சொன்னதும் நீங்கதானா?"

"ஆமா. இவ முன்னாடியே எடுத்துட்டான்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

"உங்க பேர எங்ககிட்ட யாரும் சொல்லலியே" என்றார்.

"கஸ்தூரி" என்றேன்.